எக்ஸ்அரே: கேட்டால் சொல்லும், கேட்காவிட்டால் வாய் திறக்காது

மழைத் தரவோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. அணைகளுக்கு வரும் நீரைக் கணக்கிடுகிற ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை. ஃபோர்ட்ரானில் தொடங்கியவன்; பைத்தானுக்கு வந்ததே தாமதம், அதிலும் எக்ஸ்அரே என்ற பைத்தான் நூலகத்தை (பல பரிமாண எண் அணிகளைப் பெயரிட்டுக் கையாள உதவும் நிரல்தொகுப்பு) நம்புவதற்கு இன்னும் தாமதமாயிற்று. இப்போது அது இல்லாமல் ஒரு கோப்பைக்கூடத் திறப்பதில்லை. ஆனாலும் அதைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘பரிமாணங்களுக்குப் பெயர் வைத்துவிட்டால் குழப்பமே வராது’ என்கிறார்கள். வரும். பெயர் இருப்பது வேறு, பெயரைச் சரிபார்ப்பது வேறு. இந்த மதிப்புரை அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை தருகிற தினசரி மழைக் கட்டத் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். 1901 முதல் கிடைக்கிறது. கால் பாகைக்கு ஒரு புள்ளி. அட்சரேகை 6.5 முதல் 38.5 வரை 129 புள்ளிகள், தீர்க்கரேகை 66.5 முதல் 100 வரை 135 புள்ளிகள். பழைய வடிவக் கோப்பில் தலைப்பு எதுவும் கிடையாது. எண்கள் மட்டும் வரிசையாகக் கொட்டிக் கிடக்கும். ஒரு சாதாரண ஆண்டுக்கு 365 நாள். எண் ஒன்றுக்கு நான்கு பைட் என்றால் 2,54,25,900 பைட். இதை நம்பை என்ற பைத்தான் எண்-அணி நூலகத்தில் படித்து (365, 129, 135) என்று மடித்தால் இந்தியா கிடைக்கும். (365, 135, 129) என்று மடித்தாலும் நம்பை ஒரு வார்த்தை பேசாது, ஏனென்றால் இரண்டின் பெருக்கற்பலனும் ஒன்றுதான். வரைபடமாக வரைந்து பார்த்தால்தான் நாடு முழுவதும் கோணலாக இழுபட்டுக் கிடப்பது தெரியும். ஃபோர்ட்ரானில் இதே கோப்பைப் படிக்கும்போது 135 முதலில் வரும், 129 பின்னால் வரும், அதுவும் சரிதான். அந்த மொழி அணியை நினைவகத்தில் அடுக்குகிற முறை வேறு. இரண்டு மொழியிலும் கைபழகியவர்களுக்குத்தான் இங்கே கால் இடறும்.

இந்த இடத்தில் எக்ஸ்அரே உண்மையிலேயே உதவுகிறது. அணியைக் கொடுத்து, ‘டைம், லாட், லான்’ (நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை) என்று பெயர் சொல்லி, லாட்டுக்கு 129 மதிப்புகளையும் லானுக்கு 135 மதிப்புகளையும் ஆயத்தொலைவாகச் சேர்த்துக் கொடுத்தால், தவறாக மடித்த அணியை அது ஏற்காது. லாட் என்ற பரிமாணத்தின் நீளம் தரவில் 135, ஆயத்தொலைவில் 129, இரண்டும் மோதுகின்றன என்று பிழைச் செய்தி வரும். பெயர், தரவிலுள்ள நீளம், ஆயத்தொலைவின் நீளம் மூன்றையும் ஒரே வரியில் சொல்லும் அந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். இதைப் போலப் பேசத் தெரிந்த நூலகங்கள் குறைவு. ஒரு நிபந்தனை: ஆயத்தொலைவைக் கொடுத்திருக்க வேண்டும். வெறும் பெயரை மட்டும் கொடுத்தால் நீங்கள் சொன்ன பெயரையே அது உண்மையென்று எடுத்துக்கொள்ளும்.

இப்போது தமிழ்நாட்டுப் பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறோம். அட்சரேகை 8 முதல் 14 வரை, தீர்க்கரேகை 75 முதல் 81 வரை. இரண்டு பக்கமும் ஆறு பாகை. கால் பாகைக் கட்டத்தில் 25க்கு 25. சதுரம். வில்லங்கம் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு பரிமாணங்களும் இடம் மாறினாலும் வடிவம் (365, 25, 25) என்றே இருக்கும். எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பொறியாளர் ஒருவர் வடிவத்தை மட்டும் அச்சிட்டுப் பார்த்துவிட்டு, “அளவு சரியாகத்தானே சார் இருக்கிறது?” என்று கேட்டார். சரியாகத்தான் இருந்தது. அளவு சரியாக இருப்பதால் எதுவும் நிரூபணமாகாத வடிவம் அது. நாசாவின் ஐமெர்ஜ் மழைத் தரவில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பின்னால் என்ற வரிசை. வானிலைத் துறையின் கோப்பில் அதற்கு நேர்மாறு. ஒரே கட்ட அளவுக்குக் கொண்டுவந்து, சதுரமாக வெட்டிய இரண்டையும் வெறும் அணியாக எடுத்துக் கழித்தால் விடை வந்துவிடும், அந்த விடைக்கு அர்த்தம் இருக்காது. எக்ஸ்அரேயில் இரண்டுக்கும் ஒரே பெயர்கள் இருந்தால், வரிசை மாறியிருந்தாலும் பெயரைப் பார்த்துப் பொருத்திவிட்டுத்தான் கழிக்கும். இந்த ஒன்றுக்காகவே அதை நிறுவலாம்.

கொஞ்சம் வரலாறு. காலநிலை, விவசாயம் சார்ந்த தரவுகளோடு வேலை செய்த கிளைமேட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குள் ஸ்டீபன் ஹோயரும் சக பணியாளர்களும் தங்கள் தேவைக்காக எழுதியது இது. 2014இல் எக்ஸ்ரே என்ற பெயரில் பொதுவெளிக்கு வந்தது. 2016இல் இன்றைய பெயர். அமைப்பு முழுவதும் நெட்சிடிஎஃப் கோப்பு வடிவத்தின் சிந்தனையைப் பின்பற்றியது. பெயரிட்ட பரிமாணங்களும் ஆயத்தொலைவும் கொண்ட ஒற்றை அணிக்கு டேட்டாஅரே என்று பெயர். அப்படிப் பல அணிகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டைக்கு டேட்டாசெட். அப்பாச்சி உரிமத்தில் இலவசம். இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை.

பரிமாணத்தைக் கேட்டறிய மூன்று வழிகள் இருக்கின்றன. டிம்ஸ் பெயர்களைத் தரும். ஷேப் நீளங்களைத் தரும். சைசஸ் பெயரையும் நீளத்தையும் ஜோடியாகத் தரும். மூன்றாவதை மட்டும் பழகிக்கொள்ளுங்கள் என்பேன். காரணம் இருக்கிறது. டேட்டாஅரேயில் டிம்ஸ் என்று கேட்டால் பெயர்கள் வரிசையாக வரும், அந்த வரிசைக்கு அர்த்தம் உண்டு. டேட்டாசெட்டில் அதே சொல்லைக் கேட்டால் பெயரும் நீளமும் சேர்ந்த அகராதி ஒன்று வரும். ஒரே சொல்லுக்கு இரண்டு இடத்தில் இரண்டு வகை விடை. இது சரியில்லை என்று உருவாக்கியவர்களே உணர்ந்து, இனி டேட்டாசெட்டிலும் பெயர்களின் கணம் மட்டுமே வரும், நீளம் வேண்டுமென்றால் சைசஸிடம் கேளுங்கள் என்று சில ஆண்டுகளாக எச்சரிக்கை காட்டி வருகிறார்கள். பழைய நிரல்களில் டிம்ஸ் என்று எழுதி அடைப்புக்குள் டைம் என்று போட்டு நீளத்தை எடுக்கும் வரிகள் நிறைய இருக்கும். அவற்றை இப்போதே மாற்றிவிடுவது நல்லது. சைசஸ் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. டேட்டாசெட்டைத் திறந்ததும் மேலே தெரிகிற பரிமாணப் பட்டியலின் வரிசையை நம்ப வேண்டாம். அது மூட்டைக்குள் என்னென்ன பரிமாணங்கள் இருக்கின்றன என்பதை மட்டும் சொல்கிறது. மழை என்ற மாறியில் எது முதலில், எது கடைசியில் என்பதை அந்த மாறியிடமே கேட்க வேண்டும். ஜூபிடர் என்ற நிரல் குறிப்பேட்டில் அச்சாகிற அழகான அட்டவணையில் இது ஒவ்வொரு மாறியின் பக்கத்திலும் அடைப்புக்குள் இருக்கிறது. கண் மேல்வரியிலேயே நின்றுவிடுவதால் பலரும் கவனிப்பதில்லை.

இனிக் குறைகளுக்கு வருகிறேன்.

வானிலைத் துறையின் நெட்சிடிஎஃப் கோப்பில் பரிமாணப் பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும்: டைம், லாட்டிட்யூட், லாங்கிட்யூட். ஐரோப்பியர்களின் இஆர்ஏ5 என்ற வானிலைத் தரவில் அதே பெயர்கள் சிறிய எழுத்தில். அதிலும் 2024இல் அவர்களின் தரவுக்கிடங்கு புதிய தளத்துக்கு மாறிய பிறகு வருகிற கோப்புகளில் டைம் இருந்த இடத்தில் வேலிட்_டைம் வந்துவிட்டது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் என்ன ஆகும்? மனிதருக்கு அவை ஒரே பெயர். எக்ஸ்அரேக்கு அவை அறிமுகமே இல்லாத ஆறு பரிமாணங்கள். அறிமுகமில்லாத பரிமாணங்களைக் கண்டால் அது பிழை சொல்லாது. ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் பெருக்கி விரித்துவிடும். ஓராண்டின் 365 × 25 × 25 என்பது 2,28,125 எண்கள். இரண்டு பக்கமும் அவ்வளவு இருந்தால் விடையில் ஐயாயிரம் கோடிக்கு மேற்பட்ட எண்கள். நான்கு பைட் கணக்கில் சுமார் 208 ஜிகாபைட். நினைவகம் போதவில்லை என்று நிரல் நின்றுவிடும். நின்றுவிட்டால் நல்லது, உடனே தெரிந்துபோகும்.

ஒரே ஒரு நாளை எடுத்துக் கழித்தால்தான் ஆபத்து. 625க்கு 625 என்று நாலு லட்சம் எண்கள்கூட இல்லை; கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். விடுபட்ட கட்டங்கள் இல்லாத பகுதியாக இருந்தால், அதன் மொத்தச் சராசரியை எடுத்தால் விடை சரியாகவே வரும், ஏனென்றால் வித்தியாசங்களின் சராசரி என்பது சராசரிகளின் வித்தியாசம்தான். வர்க்க சராசரிப் பிழையை எடுக்கும்போதுதான் தப்பான எண் வரும். அந்த எண்ணும் நம்பும்படியான அளவிலேயே இருந்து தொலைக்கும். முதல் சோதனையில் தேறி, அடுத்ததில் சத்தமில்லாமல் தவறுகிற நிரலைத் துருவிக் கண்டுபிடிப்பது எவ்வளவு எரிச்சல் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அண்மைய பதிப்புகளில் இந்தத் தானியங்கி விரிப்பை அணைத்துவைக்க ஒரு விருப்பத்தேர்வு கொடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம். அதுவே இயல்புநிலையாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் விரிப்பைச் சார்ந்து எழுதிய நிரல்கள் உலகம் முழுவதும் இருக்கும்போது அவர்களால் அப்படிச் செய்ய முடியாது என்பதும் புரிகிறது.

அடுத்த குறை இதைவிடப் பெரியது. பெயர்கள் ஒத்துப்போனாலும், ஆயத்தொலைவு மதிப்புகள் ஒத்துப்போகாத கட்டங்களை எக்ஸ்அரே கணக்கின்போது சொல்லாமல் கழற்றிவிடும். இரண்டுக்கும் பொதுவாக இருப்பதை மட்டும் வைத்துக்கொள்வது அதன் இயல்புநிலை. கால் பாகைக் கட்டத்தில் இது தொல்லை தராது, 0.25 என்ற எண்ணைக் கணினி துல்லியமாகவே சேமிக்கும். ஆனால் ஐமெர்ஜ் 0.1 பாகைக் கட்டம். பத்தில் ஒன்றை இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது. கோப்பில் அது 32 பிட் எண்ணாக இருக்கும். நாமே உருவாக்கிய கட்டம் 64 பிட்டில் இருக்கும். அச்சிட்டுப் பார்த்தால் இரண்டும் 10.05 என்றே தெரியும், ஒப்பிட்டால் வேறு வேறு. 10.25, 10.75 போன்ற சில புள்ளிகளைத் தவிர மற்றவை கழன்றுவிடும்; சிறிய பகுதியில் பொதுவான புள்ளி ஒன்றுகூட இல்லாமல் போனால், இரண்டையும் பெருக்கும்போது நீளம் பூஜ்யமான அணி வந்து நிற்கும். பிழையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. அந்த வெறும் அணியின் கூட்டுத்தொகை என்ன? பூஜ்யம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு வடிநிலம் முழுவதும் ஒரு சொட்டு மழைகூடப் பெய்யவில்லை என்று அறிக்கை சொல்லும்.

இதே பூஜ்யம் இன்னொரு வாசல் வழியாகவும் வரும். இஆர்ஏ5இல் அட்சரேகை வடக்கிலிருந்து தெற்காக இறங்கும். 90இல் தொடங்கி கழித்தல் 90இல் முடியும். வானிலைத் துறையின் கோப்பில் ஏறும். இறங்குகிற தரவில் 8 முதல் 14 வரை என்று வெட்டினால் எதுவும் கிடைக்காது. 14 முதல் 8 வரை என்று கேட்க வேண்டும். கிடைக்காததை அது பிழையாகக் கருதுவதில்லை. பாண்டாஸ் என்ற அட்டவணைத் தரவு நூலகத்தின் குறியீட்டை அடியில் பயன்படுத்துவதால் அங்கிருந்து வந்த குணம் இது. விளக்கம் சரிதான், ஆனாலும் எனக்குக் கோபம் குறைவதில்லை.

ஆகவே எங்கள் அலுவலகத்தில் தரவு உள்ளே நுழைகிற இடத்திலேயே ஒரு சோதனைச் சாவடி வைத்திருக்கிறோம். தனிச் செயற்கூறு, எந்தக் கோப்பும் அதைத் தாண்டாமல் கணக்குக்குப் போகக் கூடாது. முதலில் பெயர்மாற்றம்: வெளியிலிருந்து எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே டைம், லாட், லான் மட்டும்தான். மாற்றச் சொன்ன பெயர் கோப்பில் இல்லையென்றால் பெயர்மாற்றக் கட்டளையே பிழை எழுப்பிவிடும், அதுவே ஒரு சோதனை. பிறகு டிரான்ஸ்போஸ். இதைப் பலரும் வரிசையை மாற்ற மட்டுமே பயன்படுத்துகிறார்கள். மூன்று பெயர்களையும் முழுமையாகச் சொல்லி டிரான்ஸ்போஸ் செய்தால், அந்த மூன்றும் இருந்தே ஆக வேண்டும், நான்காவது ஒன்று இருக்கவும் கூடாது, இல்லையேல் பிழை. ஒரே வரியில் சரிபார்ப்பும் வரிசைப்படுத்தலும் முடிந்துவிடுகின்றன. மூன்று புள்ளி வைத்து ‘மற்றவை எப்படியிருந்தாலும் சரி’ என்று சொல்கிற வசதியும் உண்டு. சாவடியில் அதை நாங்கள் அனுமதிப்பதில்லை.

அதன்பின் சைசஸில் எந்த நீளமும் பூஜ்யமாக இல்லை என்று ஓர் அசெர்ட் (நிபந்தனை பொய்யானால் நிரலை நிறுத்தும் வரி). அட்சரேகை ஏறுவரிசையில் இருக்கிறதா என்று ஒன்று. இரண்டு தரவுகளைச் சேர்ப்பதற்கு முன் அலைன் என்ற கட்டளையை எக்ஸாக்ட் என்ற நிபந்தனையோடு அழைப்பது. ஆயத்தொலைவு ஒரு நூலிழை மாறினாலும் அது பிழை எழுப்பும். ஒவ்வோர் இடத்திலும் எழுதச் சோம்பல் என்றால், எண்கணிதச் செயல்கள் அனைத்துக்கும் எக்ஸாக்ட்தான் விதி என்று நிரலின் தலையில் ஒருமுறை அமைத்துவிடலாம். நான் புதியவர்களுக்குச் சொல்லித்தருகிற முதல் வரி இதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று தப்பிக்கும்: தரவு புரண்டிருந்து, பெயரும் ஆயத்தொலைவும் சரியாக ஒட்டப்பட்டிருக்கும் சதுரம். எந்த நூலகத்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. புவியியல் தெரிந்தவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். வானிலைத் துறையின் தரவு நிலத்துக்கு மட்டும்தான். கடலில் மதிப்பு விடுபட்டிருக்கும். 10 பாகை வடக்கு, 81 பாகை கிழக்கு என்பது நாகப்பட்டினத்துக்குத் தென்கிழக்கே வங்காள விரிகுடா. அங்கே ஓர் எண் இருந்தால் அணி புரண்டுவிட்டது என்று பொருள். புரண்ட 25க்கு 25 சதுரத்தில் அந்த இடத்துக்கு வந்து உட்காருவது 14 வடக்கு, 77 கிழக்கின் மழை. கர்நாடக–ஆந்திர எல்லைப் பக்கத்து நிலம். ஒரு கடற்புள்ளி, ஓர் அசெர்ட். எங்கள் சாவடியில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

கணக்கின் நடுவிலும் கண் வைக்க வேண்டிய இடங்கள் உண்டு. அப்ளை_யூஃபங்க் என்ற கட்டளைக்குள் நம் சொந்தச் செயற்கூறை அனுப்பும்போது, எந்தப் பரிமாணத்தின் மீது வேலை என்று சொல்கிறோமோ அதை அது கடைசி இடத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் உள்ளே கொடுக்கும். டைம் முதலில் இருக்கும் என்று நினைத்து எழுதிய செயற்கூறு அங்கே தவறான அச்சில் ஓடும். இட எண்ணால் தரவை எடுக்கும் ஐசெல் கட்டளையில் ஒற்றை எண்ணைக் கொடுத்தால் பரிமாணம் மறையும், அதையே பட்டியலாகக் கொடுத்தால் நீளம் ஒன்றாகத் தங்கும். வேல்யூஸ் என்று கேட்ட கணமே பெயர்கள் எல்லாம் உதிர்ந்து வெறும் நம்பை அணியாகிவிடும். அதற்குப் பிறகு எக்ஸ்அரேயைக் குறை சொல்ல முடியாது.

மாற்று இருக்கிறதா என்றால், பாண்டாஸில் பேனல் என்ற முப்பரிமாண அமைப்பு ஒரு காலத்தில் இருந்தது. 2019இல் நீக்கிவிட்டு, எக்ஸ்அரேக்குப் போங்கள் என்று அவர்களே கைகாட்டினார்கள். பைடார்ச் என்ற இயந்திரக் கற்றல் நூலகத்தில் பெயரிட்ட டென்சர் (பல பரிமாண அணி) 2019இல் சோதனை முயற்சியாக வந்து, சோதனை முயற்சியாகவே இருக்கிறது. ஜாக்ஸ்டைப்பிங் என்ற கருவி செயற்கூறின் தலைப்பிலேயே பரிமாணங்களை எழுதிச் சரிபார்க்க வைக்கிறது. இயந்திரக் கற்றலில் இருப்பவர்களுக்கு அருமையானது. ஆனால் அது பார்ப்பது நீளங்களை. 25க்கு 25 சதுரத்தின் முன் அதற்கும் வழி தெரியாது. எக்ஸ்அரேயோடு சேர்த்துப் பயன்படுத்த எக்ஸ்அரே-ஸ்கீமா என்ற துணைநூலகம் உண்டு. எதிர்பார்க்கும் பெயர், வடிவம், எண்வகை எல்லாவற்றையும் ஒரு படிவமாக எழுதி வைத்துச் சரிபார்க்கலாம். பல குழுக்கள் தரவைக் கைமாற்றிக்கொள்ளும் பெரிய திட்டங்களுக்கு அது பொருந்தும். எங்களைப் போன்ற சிறிய இடத்துக்கு நாமே எழுதிய ஒரு பக்கச் செயற்கூறு போதும். என்ன சோதிக்கிறோம் என்பது திறந்து பார்த்தாலே தெரியும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். இயல்புநிலைகள் கண்டிப்பாக இருந்திருந்தால் ஐந்தையும் கொடுத்திருப்பேன். காலநிலை, கடல், செயற்கைக்கோள் படங்கள், மூன்று பரிமாணமோ அதற்கு மேலோ எதுவாக இருந்தாலும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். வெறும் அட்டவணை மட்டும் கையாள்கிறவர்கள் பாண்டாஸிலேயே இருங்கள், தேவையில்லாத சுமை. லட்சக்கணக்கான சிறு சிறு கணக்குகளைச் சுழற்சிக்குள் ஓட்டுகிறவர்களுக்கும் இது மெதுவாகத்தான் இருக்கும். அங்கே நுழைவாயிலில் மட்டும் எக்ஸ்அரேயை வைத்துச் சரிபார்த்துவிட்டு, உள்ளே நம்பையைக் கொடுத்துவிடுங்கள். நிறுவும்போது பதிப்பு எண்ணையும் குறித்து வையுங்கள். அவர்களின் பதிப்பு எண் ஆண்டும் மாதமுமாக வருவதால், ஒரு பழைய நிரல் எந்தக் காலத்து டிம்ஸை நம்பி எழுதப்பட்டது என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.